யாருடைய பொதுநலம்? 2008 ஒக்டோபரும் ஒரு தேயிலைச் செடியும்

கணக்கீடு எண்டால் அது முகாமைத்துவ பீடத்துப் பிள்ளைகளின் பாடு, கலைப்பீடத்துக்காரருக்கு அதில் என்ன வேலை எண்டுதான் நாங்களும் கனகாலம் நினைத்திருந்தோம். வரவு, செலவு, ஐந்தொகை. கூட்டினால் இரண்டு பக்கமும் சரிவர வேண்டும். அதுக்குள்ள வரலாறும் இல்லை, அரசியலும் இல்லை எண்ட நினைப்பு.

அந்த நினைப்பை உடைத்தது 2022ஆம் ஆண்டு. அந்த ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டிவீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. வட்டி ஏறினால் பழைய கடன் பத்திரங்களின் சந்தை விலை இறங்கும். அரசாங்கப் பிணையங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த வங்கிகளுக்கு அது பெரிய அடி. அந்த நெருக்கடிக் காலத்தில் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஒரு மாற்று நடைமுறையை அனுமதித்தது. சந்தை விலையில் காட்டவேண்டிய வகைக்குள் இருந்த கடன் பத்திரங்களை, சந்தை விலையைப் பார்க்கத் தேவையில்லாத வகைக்கு வங்கிகள் மாற்றிக்கொள்ளலாம் எண்டது அந்த நடைமுறை. ஒரு சதம் பணம்கூட இடம் மாறவில்லை. பத்திரங்களும் அதே பத்திரங்கள்தான். எழுதப்படும் பெட்டி மட்டும் மாறியது. அதோடு விலை வீழ்ச்சியின் ஒரு பகுதி ஏட்டில் தெரியாமல் போனது.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பற்றிக் கதைத்தபோது ஒருவர் கேட்ட கேள்வி இதுதான்: வங்கி எங்கட, பத்திரம் எங்கட, அப்ப ஏன் இதுக்கு ஒரு "மாற்று" நடைமுறை தேவைப்பட்டது? பதில் சுலபம். மூல விதி எங்கட இல்லை. 2012 ஜனவரி 1 முதல் இலங்கையின் பெரிய கம்பனிகளும் வங்கிகளும் பின்பற்றுகிற கணக்கீட்டு நியமங்கள் லண்டனில் எழுதப்பட்டவை. அந்த விதியிலிருந்து விலகத்தான் "மாற்று" தேவைப்பட்டது. இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தபோது ஒண்டு விளங்கியது. இதே மாதிரியான பெட்டி மாற்றத்தை 14 வருடத்துக்கு முன் ஐரோப்பாவும் கேட்டது. ஆனால் ஐரோப்பா விலக்குக் கேட்கவில்லை, விதியையே மாற்றச் சொன்னது. விதி மாறியது.

ஒரு பிராந்தியத்தின் குரல் உலக விதிக்குள் எப்படி நுழைகிறது, அது நுழையும்போது "பொதுநலம்" எண்ட சொல்லுக்கு என்ன நடக்கிறது எண்டதுதான் இந்தக் கட்டுரை.

சங்கிலியும் இரண்டு பெட்டியும்

முதலில் விதியை விளங்கிக்கொள்வோம். ஒரு நகைக்கடை முதலாளி 10 சங்கிலி வாங்குகிறார். அவர் வீட்டு அம்மாவும் ஒரு சங்கிலி வாங்குகிறார். அடுத்த மாதம் பவுன் விலை சடாரெண்டு விழுகிறது. முதலாளிக்கு நட்டம், ஏனெண்டால் அவர் விற்க வாங்கினவர். அம்மாவுக்கு நட்டம் எண்டு சொல்ல முடியாது, அவர் போட்டுக்கொள்ள வாங்கினவர். ஒரே பவுன், ஒரே விலை, ஆனால் நோக்கம் வேற, அதனால் கணக்கும் வேற.

வங்கிகளின் பத்திரங்களுக்கும் அப்போதிருந்த சர்வதேச விதி, அதாவது 39ஆம் இலக்க நியமம், ஏறத்தாழ இதைத்தான் சொன்னது. விற்பதற்கு வைத்திருப்பவற்றை ஒவ்வொரு காலாண்டிலும் அன்றைய சந்தைப் பெறுமதியில் காட்ட வேண்டும். அதில் வரும் ஏற்ற இறக்கம் நேரே இலாப நட்டத்துக்குள் போகும். கடைசிவரை வைத்திருப்பவற்றையும் கொடுத்த கடன்களையும் கிரயத்தை அடிப்படையாக வைத்துக் காட்டலாம். இதில் முக்கியமான பூட்டு ஒண்டு இருந்தது. "விற்க" எண்ட பெட்டிக்குள் போட்டதைப் பிறகு வெளியில் எடுக்க முடியாது. விலை ஏறும்போது விற்க வாங்கினன் எண்டும், விழும்போது போட்டுக்கொள்ளத்தான் வாங்கினன் எண்டும் ஒருவர் சொல்லாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு.

2008 ஒக்டோபரில் திறக்கப்பட்டது அந்தப் பூட்டுத்தான்.

படை இல்லாத சபை

இந்த விதிகளை எழுதியது யார்? 1973 ஜூன் 29ஆம் திகதி லண்டனில் சர்வதேச கணக்கீட்டு நியமங்கள் குழு உருவானது. அவுஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ், மேற்கு ஜேர்மனி, ஜப்பான், மெக்சிக்கோ, நெதர்லாந்து, அயர்லாந்தோடு சேர்ந்த பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் கணக்காளர் சங்கங்கள்தான் அதை ஆரம்பித்தன. முதல் தலைவர் பிரித்தானியக் கணக்காளர் ஹென்றி பென்சன். இது அரசாங்கங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம் இல்லை, தொழில்சார் சங்கங்களின் கூட்டு. பிரித்தானியப் பேரரசு சுருங்கிப்போன காலத்திலும் கணக்காளர் தொழில் லண்டனை மையமாக வைத்தே இயங்கியது எண்டதை இதில் பார்க்கலாம். ஒரு சின்னத் தகவல்: 1990களின் பின்பகுதியில் அந்தக் குழுவின் மேசையில் இந்தியாவும் இலங்கையும் ஒரு கதிரையைப் பகிர்ந்துகொண்டன.

2001இல் அந்தக் குழு கலைந்து இன்றைய சர்வதேச கணக்கீட்டு நியமங்கள் சபை வந்தது. 14 உறுப்பினர்கள். தலைவர் ஸ்கொட்லாந்துக்காரர் டேவிட் ட்வீடி. இனி நாடுகளுக்குக் கதிரை இல்லை, நிபுணத்துவத்துக்குத்தான் கதிரை எண்டு சொல்லப்பட்டது. கேட்க நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் அந்த முதல் 14 பேரில் ஆசியாவிலிருந்து வந்தவர் ஒருவர், ஜப்பானியர். ஆபிரிக்காவிலிருந்தும் ஒருவர், தென்னாபிரிக்கர். நிபுணத்துவம் எங்கே விளைகிறது எண்டு முடிவு செய்வதும் ஒரு அதிகாரம்தான்.

இந்தச் சபைக்குப் படை இல்லை, நீதிமன்றம் இல்லை, வரிப்பணம் இல்லை. பெரிய கணக்காய்வு நிறுவனங்களும் கம்பனிகளும் தந்த நன்கொடைகளில்தான் ஆரம்பத்தில் ஓடியது. அதன் யாப்பில் மட்டும் பெரிய வாக்குறுதி ஒண்டு இருந்தது: பொதுநலத்துக்காக, உலகம் முழுவதற்குமான ஒரே தரமான நியமத் தொகுதியை உருவாக்குவது.

அந்த வாக்குறுதிக்குச் சட்டபலம் கொடுத்தது ஐரோப்பா. 2002 ஜூலை 19ஆம் திகதி ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. 2005 முதல் ஐரோப்பியப் பங்குச் சந்தைகளில் உள்ள கம்பனிகள் தங்கள் திரட்டிய கணக்குகளை இந்தச் சர்வதேச நியமங்களின்படி தயாரிக்க வேண்டும். ஒரே முடிவில் ஆயிரக்கணக்கான கம்பனிகள் சபையின் விதிக்குள் வந்தன. ஐரோப்பா வந்திராவிட்டால் மற்ற நாடுகளும் இவ்வளவு வேகமாக வந்திருக்காது.

ஆனால் அதே ஒழுங்குவிதியில் ஒரு வாசல் வைக்கப்பட்டது. சபை எழுதுகிற ஒவ்வொரு நியமத்தையும் ஐரோப்பா தனித்தனியாகப் பார்த்து அங்கீகரித்தால்தான் அது அங்கே சட்டமாகும். அங்கீகரிப்பதற்கான நிபந்தனைகளில் ஒண்டு, அந்த நியமம் "ஐரோப்பியப் பொதுநலத்துக்கு" உகந்ததாக இருக்க வேண்டும் எண்டது. சபையின் யாப்பில் இருப்பது பொதுநலம், ஒழுங்குவிதியில் இருப்பது ஐரோப்பியப் பொதுநலம். எங்கட கட்டுரையின் பாதிக் கதை அந்த ஒரு அடைமொழிக்குள் இருக்கிறது.

வாசல் வைத்தவர்கள் அதைப் பாவிக்கவும் செய்தார்கள். 2003 ஜூலையில் பிரெஞ்சு ஜனாதிபதி ஜாக் சிராக், ஐரோப்பிய ஆணைக்குழுவின் தலைவர் ரொமானோ ப்ரொடிக்குக் கடிதம் எழுதினார். நிதிக் கருவிகள் பற்றிய இந்த நியமங்கள் பொருளாதாரத்தை இன்னும் நிதிச்சந்தைக்குள் இழுத்து, நிதி உறுதிப்பாட்டைக் கெடுக்கும் எண்டது அவருடைய கவலை. ஒரு நாட்டின் ஜனாதிபதி கணக்கீட்டு விதியைப் பற்றிக் கடிதம் எழுதுகிற அளவுக்கு விசயம் பெரிதாகிவிட்டது. 2004 நவம்பரில் ஐரோப்பா 39ஆம் நியமத்தை அங்கீகரித்தபோது அதில் இரண்டு பகுதிகளை வெட்டி எடுத்துவிட்டுத்தான் அங்கீகரித்தது. உலகம் முழுவதற்கும் ஒரே விதி எண்ட பேச்சு, நடைமுறைக்கு வர முந்தியே கிழிந்துபோனது.

ஒரு கிழமை

2008 செப்டெம்பர் 15. லேமன் பிரதர்ஸ் வங்குரோத்தானது. சந்தைகளில் வாங்க ஆள் இல்லை. வங்கிகளிடம் இருந்த பத்திரங்களின் விலை நாளுக்கு நாள் விழுந்தது. விற்பதற்கான பெட்டிக்குள் இருந்தவையெல்லாம் நேரே நட்டமாக ஏடேறின.

அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் தலைமை பிரான்சிடம் இருந்தது. ஒக்டோபர் 4ஆம் திகதி ஜனாதிபதி நிக்கொலா சார்க்கோசி ஐரோப்பாவின் பெரிய நாடுகளின் தலைவர்களைப் பாரிசுக்கு அழைத்தார். 7ஆம் திகதி ஒன்றியத்தின் நிதி அமைச்சர்கள் கூடினார்கள். அமெரிக்க விதியில் அரிதான சந்தர்ப்பங்களில் பெட்டி மாற்ற இடம் இருக்கிறது, எங்கட வங்கிகளுக்கு இல்லை, இது போட்டியில் எங்களுக்குப் பாதகம், மூன்றாம் காலாண்டுக் கணக்கிலேயே இது சரிசெய்யப்பட வேண்டும் எண்டது அவர்களின் கோரிக்கை. மூன்றாம் காலாண்டோ செப்டெம்பர் 30ஆம் திகதியே முடிந்துவிட்டது. முடிந்த காலத்துக்கு விதி கேட்டார்கள்.

சபைக்கு வந்த செய்தி தெளிவானது. நீங்கள் மாற்றாவிட்டால் நாங்களே வெட்டி எடுப்போம். 2004இல் செய்து காட்டியவர்கள் சொல்லும்போது அது வெறும் பேச்சு இல்லை.

வழக்கமாகச் சபை ஒரு விதியை மாற்ற வேண்டுமெண்டால் வரைவை வெளியிட வேண்டும், உலகம் முழுவதிலுமிருந்து கருத்துக் கேட்க வேண்டும், பிறகு கூடி ஆராய வேண்டும். மாதங்கள், சிலவேளை வருடங்கள் எடுக்கும். இந்த முறை சபையின் அறங்காவலர்கள் அந்த நடைமுறையை நிறுத்திவைக்கச் சம்மதித்தார்கள். ஒக்டோபர் 13, திங்கட்கிழமை. ஒரு நாள்கூடப் பொதுக் கருத்துக்கு விடாமல் திருத்தம் வெளியானது. உறுப்பினர்களில் இரண்டு பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1க்கு முன் பெட்டியை மாற்றும் வங்கிகள், அதை ஜூலை 1ஆம் திகதியே மாற்றியதாகக் கணக்கு வைக்கலாம். 15ஆம் திகதி, புதன்கிழமை, ஐரோப்பிய ஆணைக்குழு அதைச் சட்டமாக்கியது.

சங்கிலிக் கதைக்கு வந்தால், பவுன் விலை எவ்வளவு விழுந்தது எண்டு ஒக்டோபர் கடைசியில் நன்றாகத் தெரிந்த பிறகு முதலாளி சொல்கிறார்: "இந்தச் சங்கிலிகளை நான் ஜூலை மாதமே போட்டுக்கொள்ள எடுத்து வைத்தனான்."

டொய்ச் வங்கி அந்தக் காலாண்டில் 414 மில்லியன் யூரோ தேறிய இலாபம் காட்டியது. பெட்டி மாற்றத்தால் அது தவிர்த்துக்கொண்ட பெறுமதிக் குறைப்பு 845 மில்லியன் யூரோ. பழைய விதியே இருந்திருந்தால் இலாபம் எண்ட சொல்லே அந்த அறிக்கையில் வந்திராது.

ட்வீடி அந்த நவம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னபோது, பதவி விலகுவதைப் பற்றி யோசித்ததாகச் சொன்னார். விலகவில்லை. ஐரோப்பா வெட்டி எடுத்தால் உலக நியமம் எண்ட முயற்சியே முடிந்துவிடும் எண்ட பயம்தான் சபையை வளைய வைத்தது. காப்பாற்றுவதற்காக வளைந்தார்கள். ஆனால் வளைந்ததை எல்லோரும் பார்த்துவிட்டார்கள்.

ஐரோப்பா சொன்னது முழுக்கப் பிழையா?

இந்த இடத்தில் நாங்கள் எங்களுக்குள்ளேயே பிரிந்துவிட்டோம். அதை மறைக்கத் தேவையில்லை.

ஒரு பக்கம் சொன்னது: வாங்க ஆளே இல்லாத சந்தையில் வருகிற விலை உண்மையான விலையா? வீடு எரியும்போது விற்கிற பொருளின் விலையை வைத்து அந்தப் பொருளின் பெறுமதியைச் சொல்லலாமா? வங்கி விழுந்தால் முதலில் தெருவுக்கு வருவது பங்குதாரர் இல்லை, சம்பளக்காரரும் வைப்பாளரும்தான். அப்படியெண்டால் அந்தக் கிழமை விதியைத் தளர்த்தியதும் பொதுநலம்தானே? அமெரிக்க விதியில் இருந்த வசதியைத்தானே கேட்டார்கள்?

மறுபக்கம் சொன்னது: காய்ச்சல் இருக்கிறது எண்டு காட்டினதுக்காக வெப்பமானியை உடைக்கிறதா? வங்கி எவ்வளவு நட்டத்தில் இருக்கிறது எண்டு வைப்பாளர் அறியக்கூடாது எண்டால், அது வைப்பாளரின் நலம் இல்லை, வங்கியின் நலம். மேற்பார்வை செய்கிறவர்களுக்கு மூலதன விதியைத் தளர்த்துகிற அதிகாரம் இருந்தது. அதை அவர்கள் வெளிப்படையாகச் செய்திருக்கலாம். கணக்கை மாற்றத் தேவையில்லை.

எங்களுக்கு இரண்டாவது பக்கம்தான் கூடச் சரியெண்டு படுகிறது. முதல் பக்கம் முட்டாள்தனமான பக்கம் இல்லை எண்டதும் உண்மை. ஆனால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட விசயம் ஒண்டு உண்டு. பிழை கோரிக்கையில் இருந்ததோ இல்லையோ, அது வந்த வழியில் பிழை இருந்தது. காரணம் கேட்டு, ஆதாரம் பார்த்து, எதிர்க் கருத்தைக் கேட்டு எடுத்த முடிவு இல்லை அது. சந்தை பலம் உள்ள ஒரு பிராந்தியம் "வெட்டுவேன்" எண்டு சொன்னதால் எடுத்த முடிவு. அதே வாரத்தில் ஒரு ஆபிரிக்க நாடோ இலங்கையோ அப்படிச் சொல்லியிருந்தால் லண்டனில் ஒருவரும் திரும்பியும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்த ஒக்டோபருக்குப் பிறகு சபையின் அமைப்பு மாறியது. 2009இல் அறங்காவலர்களுக்கு மேலே ஒரு கண்காணிப்புச் சபை வந்தது. ஐரோப்பிய ஆணைக்குழு, அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு, ஜப்பானின் நிதிச் சேவைகள் முகவரகம், பிணையங்கள் ஆணைக்குழுக்களின் சர்வதேச அமைப்பு ஆகியவை அதில் இருந்தன. பொது அதிகாரிகள் மேலே இருந்து பார்ப்பதால் இனிப் பொதுநலம் காக்கப்படும் எண்டது விளக்கம். சபையின் உறுப்பினர் தொகையை 16 ஆக்கி, பிராந்தியப் பங்கீடும் எழுத்தில் வந்தது: ஆசியா-ஓசியானியாவுக்கு 4, ஐரோப்பாவுக்கு 4, வட அமெரிக்காவுக்கு 4, ஆபிரிக்காவுக்கு 1, தென் அமெரிக்காவுக்கு 1, மிச்சம் 2 பொது. 2001இல் மூடிய கதிரைக் கணக்கு 8 வருடத்தில் திரும்பி வந்தது.

மரத்துக்கு விலை என்ன?

இனி இரண்டாவது கதை. இது நடந்தது எங்கட பக்கத்தில்.

விவசாயத்துக்கான 41ஆம் இலக்க நியமம் 2003 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உயிருள்ள எல்லாச் சொத்துகளையும், மாடாகட்டும் மரமாகட்டும், ஒவ்வொரு ஆண்டும் நியாயப் பெறுமதியில் காட்ட வேண்டும் எண்டது அதன் அடிப்படை விதி. வெட்டி விற்கிற காட்டு மரத்துக்கு இது பொருந்தும். மரம் வளர்ந்தால் பெறுமதி வளர்கிறது, அதுதான் வருமானம்.

ஆனால் எண்ணெய்ப் பனையை யாரும் வெட்டி விற்பதில்லை. றப்பர் மரமும் தேயிலைச் செடியும் அப்படித்தான். ஒருமுறை நட்டால் பல பத்து வருடம் பலன் தரும். தொழிற்சாலையில் இருக்கிற இயந்திரம் மாதிரி. நிலத்தோடு நிற்கிற தேயிலைச் செடியை மட்டும் தனியாக வாங்குகிற சந்தை எங்கே இருக்கிறது? இல்லாத சந்தையின் விலையைக் கண்டுபிடிக்க, வருகிற 20, 25 வருடத்துக்கு விளைச்சல் எவ்வளவு, விலை எவ்வளவு, வட்டி எவ்வளவு எண்டு ஊகித்து ஒரு எண்ணைக் கட்ட வேண்டும். ஊகத்தை ஒரு துளி மாற்றினால் இலாபம் எங்கேயோ போய் நிற்கும்.

உலகின் பாம் எண்ணெயில் பெரும்பங்கை இந்தோனேசியாவோடு சேர்ந்து தருகிற நாடு மலேசியா. அதனால் இந்த விதி அதிகம் நோவைத் தந்ததும் அங்கேதான். 2012இல் மலேசியா சர்வதேச நியமங்களுக்குள் முழுதாக வந்தபோதும், தோட்டக் கம்பனிகள் பொறுத்திருக்கலாம் எண்டு அவகாசம் கொடுத்தது. சும்மா பொறுத்திருக்கவில்லை. மலேசியக் கணக்கீட்டு நியமங்கள் சபை ஆய்வு செய்தது. 2009 நவம்பரில் கோலாலம்பூரில் கூடிய ஆசிய-ஓசியானிய நியம வகுப்பாளர் குழுவுக்குள் விவசாயம் பற்றிய வேலையை முன்னின்று எடுத்துச் சென்றது. 2011இல் உருவான வளர்முகப் பொருளாதாரங்களின் குழுவிலும் இதைப் பேசியது. இந்த மரங்களின் பெறுமதி மாற்றத்தை முதலீட்டு ஆய்வாளர்களே இலாபத்திலிருந்து கழித்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், அப்படியெண்டால் அந்த எண் யாருக்கு உதவுகிறது எண்டது அவர்கள் வைத்த வாதத்தின் நடு.

லண்டன் சபை 2012இல் இதை வேலைத்திட்டத்தில் சேர்த்தது. 2013 ஜூனில் வரைவு வந்தது. நாலு மாதமளவு உலகம் கருத்துச் சொன்னது. 2014 ஜூன் 30ஆம் திகதி திருத்தம் வெளியானது. பலன் தருகிற செடிகளை இயந்திரம், கட்டடம் மாதிரி கிரயத்தில் வைத்து ஆண்டாண்டாகத் தேய்மானம் கழிக்கலாம். செடியில் வளர்கிற விளைச்சலுக்கு மட்டும் நியாயப் பெறுமதி. 2016 ஜனவரி 1 முதல் நடைமுறை. திருத்திய நியமம் உதாரணமாகச் சொல்கிற செடிகளில் திராட்சைக் கொடியும் எண்ணெய்ப் பனையும் றப்பரும் இருக்கின்றன. தேயிலைச் செடியும் இருக்கிறது.

இலங்கை இந்தக் கதையில் எங்கே நிண்டது? 2012இல் நியமத்தை ஏற்ற அதே வருடம் மார்ச் மாதத்தில், பலன் தரும் செடிகளைக் கிரயத்தில் காட்டலாம் எண்டு பட்டயக் கணக்காளர் நிறுவகம் தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு தீர்மானம் கொடுத்தது. மலேசியா விதியை மாற்ற உழைத்தது. நாங்கள் வீட்டுக்குள்ளே ஒரு விலக்கை எழுதிக்கொண்டோம். அவர்களின் உழைப்பு வென்றபோது எங்கட விலக்கும் விதியாகிவிட்டது.

இந்த இரண்டு கதையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. இரண்டும் பிராந்தியச் செல்வாக்குத்தான். ஒண்டுக்கு ஒரு கிழமை போதும், மற்றதுக்குப் பல வருடம். ஒண்டில் நிதி அமைச்சர்களின் அழுத்தம், மற்றதில் ஆய்வறிக்கை. உலக விதிக்குள் பிராந்தியக் குரல் வரக்கூடாது எண்டு சொல்வது பிழை. 41ஆம் நியமத்தை எழுதினவர்களின் கண்ணில் தேயிலைச் செடி மரக்காட்டோடு சேர்ந்தே தெரிந்தது. அந்தப் பார்வையைத் திருத்தினது பிராந்தியக் குரல்தான். கேள்வி, குரல் எந்த வழியாக வருகிறது எண்டதுதான்.

கதிரை கிடைக்காதவர்கள்

ஆனால் மலேசியக் கதையோடு மனநிறைவாக முடித்துவிடவும் எங்களால் முடியவில்லை. அங்கே பேசியதும் யார்? நியமச் சபைகள், கம்பனிகள், கணக்காய்வு நிறுவனங்கள், ஆய்வாளர்கள். அந்த மரத்தின் கீழே வேலை செய்கிறவர்கள் இல்லை.

இது தற்செயல் இல்லை. 1989இல் பழைய குழு எழுதிய எண்ணக்கருச் சட்டகத்தில் நிதிக்கூற்றுகளைப் பாவிப்பவர்களின் பட்டியல் இருந்தது: முதலீட்டாளர், ஊழியர், கடன் கொடுத்தோர், வழங்குநர், வாடிக்கையாளர், அரசாங்கம், பொதுமக்கள். 2010இல் சபை அந்தப் பகுதியைத் திருத்தி எழுதியபோது முதன்மைப் பாவனையாளர் எண்டு மிஞ்சினவர்கள் முதலீட்டாளரும் கடன் கொடுத்தோரும்தான். ஊழியரும் பொதுமக்களும் அந்த முதல் வரிசையில் இல்லை. யாப்பில் பொதுநலம் அப்படியே இருக்க, யாருக்காக எழுதுகிறோம் எண்ட வரி சுருங்கிவிட்டது.

மலையகத்தில் சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் தோட்டக் கம்பனிகள் சொல்வது கணக்கைத்தான். 2021இல் நாட் சம்பளத்தை 1000 ரூபாவாக்கிய வர்த்தமானி வந்தபோது கம்பனிகள் நீதிமன்றம்வரை போயின. எங்களால் கொடுக்க முடியாது எண்டதுதான் நீண்டகாலமாக அவர்களின் வாதம். முடியுமா முடியாதா எண்டு பார்க்கத் திறக்கிற புத்தகத்தில் ஒரு செடி எவ்வளவு பெறுமதி, அதில் ஆண்டுக்கு எவ்வளவு தேய்மானம், இலாபம் எவ்வளவு எண்டதெல்லாம் இந்த விதிகளின்படி எழுதப்பட்டவை. கிரயமுறை பிழை எண்டு நாங்கள் சொல்லவில்லை. தேயிலைச் செடிக்கு அதுதான் பொருத்தமெண்டு மேலேயே ஒத்துக்கொண்டோம். ஆனால் அந்தச் செடியை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு, அதன் கணக்கு எப்படி எழுதப்படுகிறது எண்டு ஒருவரும் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவர்கள் சார்பில் அந்தக் கணக்கை வாசிக்கத் தெரிந்த ஆட்கள் தொழிற்சங்கங்களில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

இலங்கைக்கு இதில் ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1980களின் கடைசியில் நிதிக் கம்பனிகள் பல விழுந்து சாதாரண வைப்பாளர்கள் காசை இழந்தார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் சட்டம் வந்தது. பொதுமக்களின் பணத்தோடு புழங்குகிற நிறுவனங்களின் கணக்கைக் கண்காணிக்க ஒரு சபையும் அமைந்தது. சர்வதேச நியமங்கள் முழுதாக வர 17 வருடத்துக்கு முன்னமே, கணக்கீட்டில் பொதுநலம் எண்டால் என்னவெண்டு எங்கட நாட்டுக்கு ஒரு விடை தெரிந்திருந்தது. காசைப் போட்டவன் ஏமாறக்கூடாது எண்டதுதான் அந்த விடை.

2022இன் பெட்டி மாற்றத்தை அந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும் எண்டதுதான் எங்கட வாதம். சந்தை குலைந்த நேரத்தில் வங்கிகளைக் காப்பது பிழையில்லாமல் இருக்கலாம். ஆனால் அந்த முடிவு வங்கியில் காசு போட்டவருக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா? பொது விவாதம் எண்டு ஏதும் நடந்ததா? எங்களில் பலருடைய வீட்டிலும் அந்த வங்கிகளில் சேமிப்பு இருக்கிறது. ஒரு வீட்டிலும் இதைப் பற்றி ஒரு சொல் தெரிந்திருக்கவில்லை. ஐரோப்பா தன் வங்கிகளுக்காக உலக விதியை வளைத்ததைப் பார்த்துக் கோபப்படுவது சுலபம். அதே அளவுகோலை வீட்டுக்குள்ளே பிடிப்பதுதான் கடினம்.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை எண்டு தொடங்கினோம். ஐந்தொகையின் இரண்டு பக்கமும் சரிவந்தால் கணக்காளரின் வேலை முடிந்தது. அந்தப் பக்கங்களில் யாருடைய பெயர் வரவில்லை எண்டு தேடுவது வரலாறு படிக்கிறவர்களின் வேலை. பீடம் கடந்து இதை யாராவது மறுத்தால், முகாமைத்துவ பீடத்து நண்பர்கள் எங்கட கணக்கில் பிழை கண்டால், வந்து சொல்லுங்கோ. இருந்து கதைப்போம்.